கடன் அடைந்தும் இ.சி.யில் நிற்கும் அடமானம்: பதிவு தள்ளிப்போகிறதே, என்ன செய்வது?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் அப்பா பெயரில் உள்ள வீட்டை விற்க அக்ரிமென்ட் போட்டு, அதைப் பதிவும் செய்துவிட்டோம். அப்பா 2014-ல் காலமானார். அம்மா, நான், துபாயில் வேலை பார்க்கும் தம்பி ஆகிய மூவரும் வாரிசுகள். அப்பா வாங்கியிருந்த வங்கிக் கடன் 2010-லேயே அடைந்து, பத்திரங்களும் கைக்கு வந்துவிட்டன. ஆனால் இ.சி.யில் (வில்லங்கச் சான்றில்) பழைய அடமானம் இன்னும் நிற்கிறது என்று, வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல் நிறுத்தி வைத்திருக்கிறார். அக்ரிமென்ட் கெடு முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது. தாண்டினால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் தர வேண்டும் என்கிறார் வாங்குபவர். புரோக்கரோ, "மூணு பேரும் என் பேர்ல பவர் எழுதிக் கொடுத்துடுங்க, பேங்க் செலவுக்கு 40,000 கொடுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். மாதவரத்தில் நாங்கள் வாங்கப்போகும் பிளாட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. என்ன செய்வது?

பதில்: புரோக்கருக்குப் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்கள் வேலை எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்ப்போம். கடன் வாங்கியபோது, பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்ததற்கு உங்கள் அப்பா ஓர் ஆவணம் பதிந்திருக்கிறார். எம்.ஓ.டி. என்பது அதுதான். கடன் அடைந்ததும் வங்கி ரசீதுப் பத்திரம் எழுதி, அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த ரசீது இ.சி.யில் ஏறினால்தான் அடமானம் தீர்ந்ததாகக் கணக்கு. பாக்கி இல்லை என்று வங்கி கொடுத்த கடிதம் பீரோவில் பத்திரமாக இருக்கலாம். பதிவுத்துறைக்கு அது தெரியாது. வாங்குபவருடைய வங்கியின் வக்கீல் கேட்பது நியாயமானதுதான். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

கோபப்பட வேண்டியது இந்த ஏற்பாட்டின் மேல். கடன் கொடுக்கும்போது அடமானத்தை ஏற்றுவதில் அத்தனை சுறுசுறுப்பு. கடைசித் தவணை கட்டியபின் அதை இறக்குவது யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். வங்கியிலும் கம்ப்யூட்டர்தான், பதிவு அலுவலகத்திலும் கம்ப்யூட்டர்தான். நடுவில் மனிதர்கள் கால் தேய அலைகிறார்கள். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் உள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அப்பாவின் கடன் அதற்கு முந்தையது, அந்தப் பணத்தை நீங்கள் கேட்க முடியாது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் அந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிடுங்கள்.

கடன் கொடுத்த கிளைக்கு நேரில் போங்கள். பழைய வங்கியே இன்று வேறு பெயரில் இருக்கலாம். விஜயா வங்கி 2019-ல் பேங்க் ஆஃப் பரோடாவில் சேர்ந்தது. ஆந்திரா வங்கி 2020-ல் யூனியன் வங்கியில் சேர்ந்தது. எந்த வங்கியில் சேர்ந்ததோ அந்த வங்கிதான் ரசீது கொடுக்க வேண்டும். கடன் கணக்கு எண், பாக்கியில்லாக் கடிதம், எம்.ஓ.டி. பதிவு எண் தெரியும்படியான இ.சி., வாரிசுச் சான்றிதழ் நான்கையும் வைத்து மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் சீலோடு கையெழுத்து வாங்குங்கள். "பழைய ஃபைல் கிடைக்கலை" என்று வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் ஃபைல் கிடைக்கும். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதில் புரோக்கருக்கு வேலையே இல்லை. அந்த 40,000 எந்தச் செலவுக்கு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

கெடுவைப் பற்றிய பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீடு, மனை விற்பனையில் நாள் தாண்டிய மறுநாளே எல்லாம் முறிந்துபோவதில்லை. "இரட்டிப்பு" என்ற வார்த்தை அக்ரிமென்டில் இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்தால்கூட, அவர் கேட்டதெல்லாம் அப்படியே கிடைத்துவிடாது. உண்மையான நஷ்டம் என்ன என்று கோர்ட் பார்க்கும். கெடு முடியும் முன்பே, ரசீது வேலை நடக்கிறது என்று அவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, இரண்டு மாத நீட்டிப்பை இரு தரப்பும் கையெழுத்திட்டு அதே அலுவலகத்தில் துணை ஒப்பந்தமாகப் பதிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "சரி சார்" என்று வந்ததை நம்பி உட்காராதீர்கள்.

இனி பவர். விற்கும் அதிகாரத்தோடு பொதுப் பவர் வாங்கிய ஆள், உங்களுக்குத் தெரியாமலே இன்னொருவரிடம் அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் வாங்கலாம். பிறகு நீங்கள் பவரை ரத்து செய்தாலும், அதற்கு முன் அவர் போட்ட கையெழுத்து உங்களைக் கட்டும். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இப்படி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வயதான அம்மாக்கள். "ஆபீசுக்கு அலைய வேண்டாம்மா" என்ற ஒரு வார்த்தைக்கு மயங்கி எழுதிக் கொடுத்தவர்கள். மூலப்பத்திரத்தையும் புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது.

பவர் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அது உங்கள் தம்பி. அவர் வர முடியாவிட்டால் உங்களுக்கோ அம்மாவுக்கோ பவர் கொடுக்கட்டும். அது பொதுப் பவராக இருக்கக் கூடாது. இந்த ஒரு வீடு, இந்த ஒரு விற்பனை, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடும் அதிகாரம், அவ்வளவுதான். துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட்டு, முத்திரையோடு அசலை அனுப்ப வேண்டும், ஸ்கேன் செல்லாது. அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கவர் மேல் உள்ள தபால் தேதியே ஆதாரம், கவரைக் கிழித்துப் போடாதீர்கள். கிரயம் பதியும் நாளில் தம்பி உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள், அது 30 நாளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே பவரோடு சேர்த்து வாங்கிவிடலாம் என்று முன்கூட்டியே வாங்கினால் காலாவதியாகிவிடும். பதிவு நாள் முடிவான பிறகு வாங்குங்கள். இன்னொன்று: தம்பி வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், அவர் பங்குக்கு வழக்கமான 1% டி.டி.எஸ். (விலையிலிருந்து வாங்குபவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) பொருந்தாது, 50 லட்சத்துக்குக் கீழ் பிடித்தம் இல்லை என்ற வரம்பும் கிடையாது. வாங்குபவர் அதைவிடப் பல மடங்கு பிடிக்க வேண்டியிருக்கும். இது டி.டி. எடுக்கும் நாளில்தான் பலருக்குத் தெரியவருகிறது. இப்போதே ஆடிட்டரைப் பார்த்து, குறைந்த பிடித்தத்துக்கு வருமானவரித் துறையிடம் சான்று கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். 2014-ல் அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் சம பங்கு உண்டு. அவர் பிறகு காலமாகியிருந்தால் அந்தப் பங்கில் சித்தப்பா, அத்தைகளும் வந்துவிடுவார்கள். வங்கி வக்கீல் இதைக் கடைசி வாரத்தில் கேட்பதற்குள் நீங்களே பார்த்துவிடுங்கள். (அரசின் வீட்டு வாரியத்தில் ஒதுக்கீடான வீடு என்றால் விஷயமே வேறு. உங்களுடையது சொந்தப் பட்டா மனை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.)

தாமதமாகும்போது வாங்குபவர் வீட்டிலிருந்து ஒரு கோரிக்கை வரும். "ஆடி வந்துடுதுங்க, நல்ல நாள்ல பால் மட்டும் காய்ச்சிக்கிறோம், சாவி கொடுங்க." கொடுக்காதீர்கள். பால் காய்ச்சியவர்கள் மறுநாள் ஒரு கட்டிலையும் கேஸ் சிலிண்டரையும் இறக்குவார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குக் கடன் மறுக்கப்பட்டால், உங்கள் வீட்டைக் காலி செய்ய நீங்கள் கேஸ் போட வேண்டிவரும். மீதிப் பணம் முழுதும் வந்து, கிரயம் பதிந்த பிறகே சாவி.

மாதவரம் பிளாட்காரரிடமும் இன்றே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். அங்கேயும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே பணம் தாமதமாவதை அவரிடம் மறைத்தால் அட்வான்ஸ் அங்கே சிக்கும். அவசரத்துக்கு இந்த வீட்டின் மீதித் தொகையில் கொஞ்சம் ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகையை அபராதமாக விதிக்க வருமானவரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. டி.டி. அல்லது வங்கிப் பரிமாற்றம் மட்டும். அந்த எண்கள் கிரயப் பத்திரத்தில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.