ரேஷன் கார்டில் இல்லாத தங்கை

கேள்வி: வணக்கம் அம்மா. திண்டுக்கல் பக்கம் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 51. எனக்கு ஒரே தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி, உதை. விவாகரத்தாகி வீட்டுக்கு வந்தபின் தனியாகப் பேச ஆரம்பித்தாள், ராத்திரி தூங்க மாட்டாள். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் வைத்திருந்தோம். 2016 தீபாவளி முடிந்து ஒரு நாள் காலையில் வீட்டை விட்டுப் போய்விட்டாள். இரண்டு வருடம் முன்பு சென்னையில் ஒரு காப்பகத்திலிருந்து போன் வந்தது. தெருவில் கிடந்தவளைப் போலீஸ் கொண்டுவந்து சேர்த்ததாம். இப்போது நன்றாகத் தெளிந்துவிட்டாள், மாத்திரை சாப்பிடுகிறாள். நான் மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்புகிறேன். இப்போது அவளைக் காப்பகத்திலிருந்து எடுத்து, ஏதோ ஒரு தெருவில் வாடகை வீட்டில் இன்னும் நாலு பெண்களோடு குடிவைக்கப் போகிறார்களாம். உதவிக்கு ஒரு அம்மா இருப்பாராம். கேட், வாட்ச்மேன் எதுவும் கிடையாது. அவளுக்கும் இஷ்டமாம். காப்பகத்திலேயே பத்திரமாக இருக்கட்டுமே என்கிறாள் என் மனைவி, பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம் வேறு. ஏதோ அட்டை எடுக்க ரேஷன் கார்டு நகல் கேட்டார்கள். ஸ்மார்ட் கார்டு மாற்றும்போதே அவள் பெயரை எடுத்துவிட்டதால் அதையும் அனுப்ப முடியவில்லை. அண்ணன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டைத் தடுக்க எனக்கு உரிமை உண்டா?

பதில்: தம்பி, உரிமையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ரேஷன் கார்டு வரிக்கு வாருங்கள். போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் கார்டு வந்தது 2017ல். உங்கள் தங்கை வீட்டை விட்டுப் போனது 2016 தீபாவளிக்கு அப்புறம். அப்படியென்றால் அவள் போய் ஒரு வருஷமோ, கொஞ்சம் முன்னே பின்னேயோ ஆனபோது நீங்கள் அவள் பெயரை எடுத்திருக்கிறீர்கள். ஸ்மார்ட் கார்டு வந்த புதிதில் யார் யாருக்கோ பெயர் விட்டுப்போனது, போட்டோ மாறிப்போனது, அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் 'விட்டுப்போச்சு' என்று எழுதவில்லை, 'எடுத்துவிட்டதால்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் செத்தவர் பெயரையே கார்டிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வராது, ஒரு ஆள் அரிசி குறையுமே என்று வருஷக்கணக்கில் விட்டுவைப்பார்கள். நீங்கள் அரிசி போனாலும் பரவாயில்லை என்று எடுத்திருக்கிறீர்கள். காணாமல் போன ஒருத்தியைப் பற்றி ஏழு வருஷம் யாருக்கும் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் சட்டம் அவளை இறந்தவளாக எடுத்துக்கொள்ளும். சட்டத்துக்கு இருந்த பொறுமை கூடப்பிறந்த உங்களுக்கு இல்லையே?

இன்னொன்றும் கேட்கிறேன். போலீசில் காணவில்லை என்று புகார் கொடுத்தீர்களா? இவ்வளவு எழுதிய நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உங்கள் அப்பா அம்மா பற்றியும் எழுதவில்லை, இருந்தால் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதியிருப்பீர்கள், அதனால் இல்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் போனபின் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் உங்கள் தங்கையின் பெயர் இருக்கிறதா? வீடு அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும். தெருவில் சுற்றினாள் என்பதாலோ மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதாலோ அது குறையாது. நான் தப்பாகச் சந்தேகப்படுகிறேன் என்றால் கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் இப்படிக் காணாமல் போன பெண்ணின் பெயர் முதலில் ரேஷன் கார்டிலிருந்து போகும், அடுத்து வாரிசுச் சான்றிதழிலிருந்து போகும், கடைசியில் வீட்டில் யார் வாயிலும் வராமல் போகும்.

சரி, உரிமை. கிடையாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 என்று ஒன்று இருக்கிறது, 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 19வது பிரிவு, குணமானவர் ஒருவரைக் குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, போக வீடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. சமூகத்தில் எல்லாரையும் போல வாழ அவருக்கு உரிமை உண்டு. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது, குடும்பம் கைவிட்டிருந்தால் தன் குடும்ப வீட்டில் வாழ்கிற உரிமையைக் கேட்டுப் பெற அரசு அவருக்குச் சட்ட உதவி உட்பட எல்லா ஆதரவும் தர வேண்டும். அவள் நினைத்தால் உங்கள் வீட்டுக்கே வந்து உரிமை கேட்கலாம் தம்பி. அவள் அதைக் கேட்கவில்லை. ஒரு வாடகை வீட்டில் ஒரு மூலையும் ஒரு சாவியும் போதும் என்கிறாள். அதையும் தடுக்க முடியுமா என்று நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

பத்திரம், பத்திரம் என்று உங்கள் மனைவி சொல்வதைப் பற்றி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் செத்துப்போனார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் அண்ணன், தம்பி, அப்பாதான். அங்கே பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் விட்டார்கள். உங்கள் தங்கை இருக்கிற இடம் அப்படிப்பட்டதல்ல, அவளைத் தெளிய வைத்திருக்கிறார்கள், அதோடு நிற்காமல் வெளியே அனுப்பவும் நினைக்கிறார்கள், அதனால் நல்ல இடம்தான். நான் சொல்வது கேட்டைப் பற்றி. கேட் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது காப்பாற்றுவது வெளியே இருக்கும் சொந்தக்காரரின் நிம்மதியைத்தான்.

புருஷனிடம் அடிவாங்கி, அப்புறம் வருஷக்கணக்கில் தெருவிலும் ரயில் நிலையத்திலும் படுத்த ஒரு பெண்ணுக்கு உடம்பில் என்ன பதிந்திருக்கும் என்று யோசித்தீர்களா? எப்போது எழ வேண்டும், எங்கே உட்கார வேண்டும், யார் தொடலாம் என்பதையெல்லாம் அவளைத் தவிர மற்ற எல்லாரும் முடிவு செய்த வாழ்க்கை அது. காப்பகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கேயும் மணி அடித்தால் சாப்பாடு, வரிசையில் குளியல், ஒன்பதானால் விளக்கு அணையும். உயிர் பிழைக்க அது வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனசு ஆறுவதற்கு, இன்றைக்கு ரசம் வைக்கலாமா புளிக்குழம்பு வைக்கலாமா என்று அவளே முடிவு செய்ய வேண்டும், ராத்திரி கதவை அவள் கையாலேயே தாழ்போட வேண்டும்.

இது யாரோ புதிதாகச் செய்து பார்க்கிற விஷயமும் இல்லை. சென்னையில் 1993ல் இரண்டு இளம்பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும், தெருவில் கிடந்த மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 'தி பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தெளிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் போக வீடில்லாத பெண்களும், வீடு இருந்தும் வாசலில் ஏற்றாத பெண்களும் அங்கேயே தங்கிப்போனார்கள். நன்றாக இருக்கிற மனுஷி எதற்கு வார்டில் கிடக்க வேண்டும் என்ற கேள்வியில்தான் 2015 வாக்கில் 'ஹோம் அகெய்ன்' வந்தது. சாதாரணத் தெருவில் வாடகை வீடு, நாலைந்து பேர், கூட ஒரு உதவியாளர், தேவைப்படும்போது மருத்துவர். உங்கள் தங்கைக்குச் சொல்லியிருக்கிற ஏற்பாடும் இதே மாதிரிதான். 2021ல் உலக சுகாதார நிறுவனம் சமூக மனநல சேவைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் இதையும் நல்ல எடுத்துக்காட்டாகச் சேர்த்திருக்கிறது.

இந்த மாதிரி ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். வாசலில் கோலம், கொஞ்சம் கோணலாக. இன்றைக்கு யார் முறை என்று அதற்கே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. ஒரு அம்மா வீட்டுச் சாவியை ஊக்கில் கோர்த்து ரவிக்கையில் குத்தியிருந்தார். குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன் என்றார். இன்னொருவர் எனக்கு டீ போட்டுவந்து, சர்க்கரை சரியா, சரியா என்று மூன்று தடவை கேட்டார். எல்லாம் சுகமாக நடக்கும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி வார்டுக்குப் போகிறவர்கள் உண்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் ஒத்துப்போகாமல் வீடு மாறுகிறவர்கள் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பதும் உண்டு. கூட்டுக்குடும்பத்தில் இதெல்லாம் இல்லையா என்ன?

ரேஷன் கார்டு நகல் எதற்குக் கேட்டார்கள் என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்றே தோன்றுகிறது. தெருவில் இருந்து வருகிறவர்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. நான் இன்னார், இன்ன ஊர், இன்னார் மகள் என்று நிரூபிக்க முடியாதவளுக்கு வங்கிக் கணக்கு, மாற்றுத்திறனாளி அட்டை, உதவித்தொகை எல்லாமே இழுபறிதான். 2019 தேர்தலில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பக வளாகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி வைத்தார்கள், சிகிச்சையில் இருந்தவர்கள் விரலில் மை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்ததால்தானே போட்டார்கள். உங்கள் தங்கையின் பெயரை ஊரார் யாரும் எடுக்கவில்லை, நீங்கள் எடுத்தீர்கள். அதனால் தேடிக் கொடுக்க வேண்டியதும் நீங்கள்தான். பழைய ரேஷன் கார்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை, பீரோவில் துணிக்கு அடியில் இருக்கும், பாருங்கள். பள்ளிக்கூடத்து டி.சி., பழைய வாக்காளர் அட்டை, விவாகரத்துத் தீர்ப்பின் நகல், எது கிடைத்தாலும் சரி. ஒன்றும் இல்லை என்றால் அவள் படித்த பள்ளிக்கு நீங்களே போய் நில்லுங்கள்.

உங்கள் பெண்ணின் கல்யாணம். அத்தையை மறைத்துக் கட்டிவைத்தால் அந்த வீட்டில் உங்கள் பெண் தினமும் ஒரு பொய்யைக் காவல் காக்க வேண்டியிருக்கும். அவள் பெரியவளானபோது முதல் தண்ணீர் ஊற்றியது யார் தம்பி? அப்போது உங்கள் தங்கை உங்கள் வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும், எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கை இப்போது எங்கே போயிற்று என்று உங்கள் பெண்ணே ஒருநாள் கேட்பாள். வரன் வீட்டாரிடம் நேராகச் சொல்லுங்கள். என் தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தெளிந்து சென்னையில் இருக்கிறாள், கல்யாணத்துக்கு வருவாள். அதற்கே எழுந்துபோகிற சம்பந்தம் போகட்டும்.

மாதம் ஆயிரம் அனுப்புகிறேன் என்றீர்கள். யார் பெயருக்கு? காப்பகத்தின் கணக்குக்குத்தானே, ரசீதும் வந்திருக்கும். அது நன்கொடை, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். கூடப்பிறந்தவன் கொடுப்பதற்கு நம்மிடம் வேறு பெயர் இருக்கிறது. வருஷா வருஷம் பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, ஒரு புடவை என்று அண்ணன் தம்பி சீர் கொண்டுபோவது பிறந்த வீட்டுக் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று சொல்லத்தானே? கட்டிக்கொடுத்த வீடு அவளுக்கு இல்லை என்றாகிவிட்டது. இப்போது முதல் முறையாக அவளுக்கென்று ஒரு வீடு வரப்போகிறது, சீர் இறக்க ஒரு வாசல் வரப்போகிறது. உங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து மனைவியின் முகச்சுளிப்புக்கு நடுவே வைத்திருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது அவளுக்குத்தான் தண்டனை. அவள் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் போய் வருகிற அண்ணனாக இருங்கள்.

இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்த்தேன் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. குடிபோகிற தேதியைக் காப்பகத்தில் கேளுங்கள். அன்றைக்குக் கடையை மூடிவிட்டு, மனைவி வந்தால் மனைவியோடு, இல்லாவிட்டால் மகளோடு போங்கள். பால் காய்ச்சுகிற பாத்திரத்தை நீங்கள் வாங்கிப் போங்கள். ஏன் என் பேரை எடுத்தே என்று அவள் கேட்டால், ஆபீசில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மழுப்பாதீர்கள். நான்தான் எடுத்தேன் என்று சொல்லுங்கள். அவள் திட்டினால் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

புடவை எடுக்கும்போது அவளுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று ஞாபகம் வராவிட்டால் மனைவியிடம் கேட்காதீர்கள். காப்பகத்துக்குப் போன் போட்டு அவளிடமே கேளுங்கள்.