40 சதவீத ஸ்காலர்ஷிப் என்றால் எதில் 40?

கேள்வி: டெக்சஸில், டல்லாஸ் புறநகரில் இருக்கிறோம். இங்கேயே பிறந்த எங்கள் மகன் 12-ஆம் வகுப்பு படிக்கிறான். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் கிக்கர், அதாவது பந்தை உதைப்பவன். வெளிமாநிலத்தில், கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவான டிவிஷன் 1-இல், அதன் இரண்டாம் அடுக்கான எஃப்.சி.எஸ். பிரிவில் ஆடும் ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்தின் கோச் ஃபோன் செய்து, "40 சதவீத ஸ்காலர்ஷிப் ஆஃபர்" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். அங்கே ஆண்டுச் செலவு 72,000 டாலர்; அதில் கல்விக் கட்டணம் 54,000. ஒரு டிவிஷன் 3 தனியார் கல்லூரியில் செலவு 66,000. அட்மிஷன் கடிதத்திலேயே ஆண்டுக்கு 31,000 மெரிட் (படிப்புக்கான உதவித்தொகை) என்று போட்டிருக்கிறார்கள். அங்கேயும் அவன் ஆடலாம். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் சுமார் 30,000தான், ஆனால் டீமில் இடம் கிடைக்காது. படிப்புக்காகச் சேமிக்கும் 529 கணக்கில் 95,000 இருக்கிறது. போதாததற்கு 401(கே) ஓய்வூதியச் சேமிப்பில் கடன் வாங்கலாம் என்கிறார் கணவர். ஊரில் எல்லோரிடமும் ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது என்று வேறு சொல்லிவிட்டோம். என்ன செய்வது?

பதில்: ஊருக்குச் சொன்னதை விடுங்கள். கோச்சிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எதில் 40 சதவீதம்? மொத்தச் செலவில் என்றால் 28,800 டாலர். கல்விக் கட்டணத்தில் மட்டும் என்றால் 21,600. ஆண்டுக்கு 7,200 டாலர் வித்தியாசம். ஃபோனில் சொன்ன ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்க முடியாது.

அடுத்தது பலருக்கும் கசக்கும். அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் தாங்களாகவே குறைத்துத்தான் வாங்குகின்றன. ஆடித் தள்ளுபடிக் கடையில் விலைச்சீட்டை யாரும் நம்புவதில்லையே, அப்படித்தான் இந்த 72,000-மும். பந்தையே தொடாத பையனுக்கு மெரிட் என்று கிடைக்கும் தொகை, உங்கள் மகனுக்குக் கிடைக்கும் 40 சதவீதத்தைவிட அதிகமாக இருக்கலாம். ஆகவே இரண்டாவது கேள்வி: ஃபுட்பால் பணத்துக்கு மேல் மெரிட்டும் சேருமா, அல்லது அந்த 40-க்குள்ளேயே மெரிட் அடங்கிவிட்டதா? சிறிய பல்கலைக்கழகங்களில் கோச்சுகளுக்கு நல்ல மார்க் வாங்கும் பையனைப் பிடிக்கும். மெரிட் பணம் அவர்களுடைய பட்ஜெட்டிலிருந்து போவதில்லை.

அந்த பட்ஜெட் சின்னது. எஃப்.சி.எஸ். பிரிவில் நெடுங்காலமாக இருந்த வரம்பு, 63 முழு ஸ்காலர்ஷிப்புக்கு ஈடான தொகையை 85 பேர் வரை பிரித்துக்கொள்ளலாம் என்பது. பாதி, கால்வாசி என்று ஆஃபர் வருவதெல்லாம் அதனால்தான். கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு இந்த வரம்பு போய், டீமில் 105 பேர் வரை என்ற வரம்பு வந்தது. கொடுக்க அனுமதி வந்ததே தவிர, கொடுக்கப் பணம் வரவில்லை. டேவிட்சன், பட்லர், டிரேக் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் ஆடும் பயனியர் லீக் டிவிஷன் 1-தான். ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் அங்கே கிடையவே கிடையாது. ஐவி லீகிலும் இல்லை. டிவிஷன் 1 என்ற பெயரை வைத்துப் பணத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது, உதவித்தொகை ஏறாமல் அப்படியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 21,600 என்ற கணக்கில், எஃப்.சி.எஸ். பல்கலைக்கழகத்துக்கு நான்கு ஆண்டில் நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 2,19,000 டாலர். டிவிஷன் 3 கல்லூரிக்கு 1,56,000. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 1,27,000. ஆக டிவிஷன் 1 ஜெர்சிக்கு நீங்கள் கூடுதலாகத் தரும் விலை 63,000 டாலர். தரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஸ்காலர்ஷிப் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

95,000 போக மீதி 1,24,000-க்கு எங்கே போவீர்கள்? மகன் பெயரில் அரசு மாணவர் கடன் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 27,000 வரை கிடைக்கும். 2026 ஜூலை 1 முதல் பெற்றோர் வாங்கும் பிளஸ் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். இரண்டையும் முழுசாக வாங்கினாலும் 32,000 துண்டு விழும். அதற்கு 401(கே)-யில் கை வைக்கச் சொல்லும் உங்கள் கணவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். வேலை போனாலோ மாறினாலோ அந்தக் கடன் பாக்கி பெரும்பாலும் குறுகிய காலத்தில் கழுத்தை நெரிக்கும். கட்ட முடியாவிட்டால் அது வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும். ஐம்பத்தொன்பதரை வயது ஆகாதவர் என்றால் பொதுவாக 10 சதவீத அபராதமும் உண்டு. இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டு கல்லூரிகளும் தரும் பணத்தில் இன்னொரு வித்தியாசம். டிவிஷன் 3-இல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தரக்கூடாது என்பது விதி. அதனாலேயே அந்த 31,000 ஃபுட்பாலைச் சார்ந்ததல்ல. பையன் இரண்டாம் ஆண்டில் போதும் என்று விலகினாலும், கேட்கிற கிரேடு இருந்தால் பணம் தொடரும். எஃப்.சி.எஸ். பணத்தில், ஒப்பந்தக் காலத்துக்குள் காயம் பட்டது, ஆட்டம் சரியில்லை என்று சொல்லி நிறுத்த முடியாது. அவனாகவே விலகினால் நிறுத்தலாம். ஒப்பந்தம் ஓராண்டுக்கா நான்காண்டுக்கா என்பதையும் கேளுங்கள். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியே அனுபவமுள்ள கிக்கர் ஒவ்வொரு ஆண்டும் கிடைக்கிறபோது, ஓராண்டு ஒப்பந்தத்தை நான் நம்ப மாட்டேன்.

என்.ஐ.எல். வருமானம், அதாவது ஆட்டக்காரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்கான பணம், வரும் என்று யாராவது சொன்னால், சிறிய பல்கலைக்கழகத்துக் கிக்கருக்கு அதைப் பூஜ்யம் என்றே எழுதுங்கள். காயத்துக்கு உங்கள் குடும்ப இன்ஷூரன்ஸ் முதலில், பல்கலைக்கழக பாலிசி பிறகு என்பதே பெரும்பாலும் நடைமுறை. வெளிமாநிலத்தில் உங்கள் பாலிசி செல்லுமா என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கெடு சட்டக் கெடு அல்ல. கோச் கையில் இரண்டு மூன்று கிக்கர்களின் பெயர் இருக்கும். முதலில் சரி சொல்பவனோடு நிறுத்திக்கொள்வார். அவரைப் பொறுத்தவரை அது நியாயமும்கூட. ஆனால் வாய்வார்த்தை அவரையும் கட்டாது, உங்கள் மகனையும் கட்டாது. அவர் வேறு வேலைக்குப் போனால் ஆஃபரும் கூடவே போகும். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய பத்திரத்தை 2024 அக்டோபரில் ஒழித்துவிட்டார்கள். இப்போது கையெழுத்தாகும் உதவித்தொகை ஒப்பந்தம்தான் கணக்கு. அதற்கான முதல் வாய்ப்பு டிசம்பரில் வரும்.

ஆகவே இன்றைக்கே மகனை கோச்சுக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டாம், பெற்றோர் பேரம் பேசுவதை அவர்கள் ரசிப்பதில்லை. டாலரில் எவ்வளவு, எத்தனை ஆண்டு, மெரிட் தனியா, கட்டணம் ஏறினால் உதவித்தொகையும் ஏறுமா என்ற நான்கும் போதும். டிவிஷன் 3 கல்லூரியின் கடிதத்தையும் மறைக்காமல் குறிப்பிடட்டும். நான்காண்டு ஒப்பந்தத்தோடு உங்கள் கைச்செலவு ஆண்டுக்கு 40,000-க்குள் இறங்கினால் டிவிஷன் 1-க்கே அனுப்புங்கள். அந்தக் கூடுதலைச் சம்பளத்திலிருந்து சமாளிக்கலாம். இறங்காவிட்டால் டிவிஷன் 3 கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.