டிஸ்க் விலகலுக்கு நுண்துளை ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: எனக்கு 41 வயது. விசைத்தறிப் பட்டறையில் வேலை. இரண்டு மாதமாக இடுப்பிலிருந்து வலது கால் பெருவிரல் வரை சுண்டி இழுக்கிறது. ஸ்கேனில் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். நுண்துளை ஆபரேஷன் செய்துகொண்டால் மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். முதுகில் கத்தி பட்டால் நடக்கவே முடியாது என்கிறார் மாமனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மாமனாரின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இடுப்பு முதுகெலும்புகளை மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை எண்ணுவோம்; தண்டுவடம் மேலே எல்1-எல்2 அளவிலேயே முடிந்துவிடும். உங்களுக்குப் பிதுங்கியிருக்கும் இடத்தில் இருப்பவை அதிலிருந்து இறங்கும் நரம்பு வேர்கள். அவற்றுக்கும் காயம் படலாம்தான், ஆனால் அரிது.

மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல்; எண்டோஸ்கோப்பில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நரம்பை மெல்ல ஓரம் தள்ளி, அழுத்துகிற துண்டை மட்டும் எடுப்போம். பார்க்க வேகவைத்த நண்டுச்சதை போல இருக்கும். மீதி டிஸ்க் அப்படியே இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு முறையிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் துளை எவ்வளவு சின்னது என்பதைவிட, உங்களுக்கு ஆபரேஷன் தேவையா என்று பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை. சுவர் ஓரமாக நின்று, குதிகாலால் மட்டும் பத்தடி நடங்கள். வலது பாதத்தின் முன்பக்கம் தூக்க வராமல் தரையில் தட்டினாலோ, பெருவிரலை மேல்நோக்கி மடக்கும்போது இடது விரலுக்கு உள்ள பலம் இல்லை என்றாலோ தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ அன்றைக்கே, நடுராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெறும் வலி மட்டும்தானா? அப்படியென்றால் பொறுக்கலாம். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். பிதுங்கிய துண்டை உடம்பே கரைத்துவிடுவதும் உண்டு, பெரிய துண்டாக இருந்தாலும்கூட. மாத்திரை, பிசியோதெரபி, தேவைப்பட்டால் நரம்பைச் சுற்றி ஓர் ஊசி. படுத்தே கிடக்காதீர்கள். பன்னிரண்டு வாரம் தாண்டியும் தூங்கவிடாமல் இழுத்தால் ஆபரேஷன் நியாயமான முடிவுதான்.

அது கால் இழுப்பைத்தான் நன்றாகத் தீர்க்கும். இடுப்பு வலிக்கு அவ்வளவு உத்தரவாதம் கிடையாது. இதைச் சொல்லாமலே தேதி குறித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கவும் செய்யும். சில வாரம் பாவு உருளை போன்ற கனமான எதையும் தூக்கக் கூடாது. புகைபிடிப்பீர்களா என்று எழுதவில்லை. பிடித்தால் இப்போதே விடுங்கள், டிஸ்க் மறுபடி பிதுங்கும் வாய்ப்பை அது கூட்டும்.