டே கேரில் ஒரு குழந்தைக்குக் கக்குவான் இருமலாம், என் 2 வயது மகளை அனுப்பலாமா?

முதலில் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 6, 10, 14 வாரத்து ஊசிகளை யாரும் பெரும்பாலும் விடுவதில்லை, விட்டுப்போவது ஒன்றரை வயது பூஸ்டர்தான். என் மகன் விஷயத்தில் எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். போன தடவை ரெண்டு நாள் ஜுரத்தில் கிடந்தானே என்று என் மாமியார் சொல்ல, சரி, அடுத்த புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன், அப்புறம் வேளச்சேரிக்கு வீடு மாறிய அலைச்சலில் சுத்தமாக மறந்துபோனேன்.

ஆரம்பத்தில் மூக்கொழுகல், லேசான இருமல், அவ்வளவுதான். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று டே கேரில் சொன்னார்கள், நானும் ஒரு வாரம் அனுப்பிக்கொண்டே இருந்தேன். வேகமாகப் பரவுவதே அந்தச் சாதா சளி மாதிரியான நாட்களில்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் ராத்திரிகளில் மூச்சுவிட இடமில்லாமல் தொடர் இருமல், முகமெல்லாம் சிவந்து, கடைசியில் ‘ஹூப்’ என்று ஓர் இழுப்பு, குடித்த பால் அத்தனையும் வெளியே. கக்குவான் என்று பெயர் வைத்தவர் இதைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலோ சமர்த்தாகச் சிரிக்கிறான்! போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டிய பிறகுதான் மூக்கிலிருந்து மாதிரி எடுத்தார்கள்.

அசித்ரோமைசின் 5 நாள் கொடுத்தோம். அது மற்றவர்களுக்குப் பரவுவதைத்தான் நிறுத்தியது, இருமல் இரண்டரை மாதம் இழுத்தது. நடுவில் தெருவில் வந்த கழுதைப் பாலுக்கு வீட்டில் ஒரு சண்டை வேறு.

உங்கள் மகளுக்குப் பூஸ்டர் போட்டிருந்து, சளி இருமல் எதுவும் இல்லையென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம். ஊசி போட்ட குழந்தைக்கும் வரலாம், ஆனால் பெரும்பாலும் லேசாகப் போய்விடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் விஷயமே வேறு. சின்னதுகளுக்கு அந்த ‘ஹூப்’ சத்தம் வராமலே போகலாம், இருமாமலே மூச்சு நின்று உதடு நீலமாகும். அப்படித் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ பக்கத்தில் எதுவோ, உடனே ஓடுங்கள். என் தங்கையின் 2 மாதக் குழந்தை அப்போது எங்களோடு இருந்ததால் வீட்டில் எல்லாருக்குமே மருந்து கொடுத்தார்கள்.

கக்குவான் வந்த அந்த டே கேர் குழந்தை அங்கே கடைசியாக வந்தது என்றைக்கு என்று கேளுங்கள். அன்றிலிருந்து 21 நாள், மூக்கொழுகினால்கூட அனுப்பாதீர்கள்.