அளந்ததும் கேட்டதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. நான் தமிழ்நாட்டில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர். எங்கள் பல்கலையில் எரிசக்தியையும் சமூகத்தையும் சேர்த்து ஆராய ஒரு மையம் தொடங்குகிறார்கள். என்னை இயக்குநராக இருக்கச் சொல்கிறார்கள். என் வேலை இதுவரை இன்வெர்ட்டர்களோடுதான். ‘சமூகம்’ என்ற பாதி எனக்குப் பழக்கமில்லை. சமூகவியலில் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம், சோலார் திட்டங்களுக்கு மக்கள் ஆதரவைப் பெற அவர் உதவுவார் என்கிறார் துணைவேந்தர். ஒரு சோலார் நிறுவனம் நிதி தரவும் முன்வந்திருக்கிறது. இப்படி ஒரு மையத்தை நடத்தியவர்களில் யாரிடமிருந்து நான் கற்கலாம்? என் ஆய்வகத்தை விட்டுவிட வேண்டியிருக்குமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

வாழ்த்துகள். யாரிடமிருந்து கற்கலாம் என்றால் முதலில் நான் சொல்லும் பெயர் அமுல்யா ரெட்டி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்வேதியியல் பேராசிரியராக இருந்தவர். ஜான் போக்ரிஸுடன் சேர்ந்து அவர் எழுதிய மின்வேதியியல் பாடநூல் 1970இல் வந்து உலகமெங்கும் படிக்கப்பட்டது. அந்தப் புகழை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பணி ஓய்வு பெற்றிருக்கலாம். அவரோ 1974இல், கிராமங்களுக்குப் பயன்படும் தொழில்நுட்பத்துக்காக அஸ்த்ரா என்ற அமைப்பை அங்கே தொடங்கினார். கழகத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர் சதீஷ் தவான். இஸ்ரோவையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கெட் விட்டுக்கொண்டிருந்த மனிதர் விறகடுப்பு ஆராய்ச்சிக்கும் இடம் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். மேலே அப்படி ஒருவர் இல்லையென்றால் ரெட்டியாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது.

தும்கூர் மாவட்டம் குணிகல் பகுதியில் உங்க்ரா என்ற ஊரில் அவர்கள் ஒரு கள மையம் வைத்தார்கள். சுற்றியிருந்த சில ஊர்களில் எழுபதுகளின் பிற்பகுதியில் எரிசக்திக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் புரா என்ற சிற்றூர் பிறகு பிரபலமானது. மின்சாரம், மண்ணெண்ணெய் ஆகியவற்றோடு விறகு, மாட்டின் உழைப்பு, ஆண், பெண், குழந்தைகள் செலவிட்ட நேரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். அந்த ஊர் பயன்படுத்திய எரிசக்தியில் மின்சாரத்தின் பங்கு மிகச் சொற்பம். பெரும்பகுதி விறகு, அதுவும் சமையலுக்கு. பத்துக் கிலோ விறகு சேர்க்க ஒரு குடும்பம் சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் செலவிட்டது, கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நடந்தது. காசு கொடுத்து வாங்காத விறகும் கூலி இல்லாத உழைப்பும் அதுவரை திட்டக் கணக்குகளில் சரியாக ஏறியதே இல்லை.

சரி, கணக்கு சமையல் என்கிறது. அப்படியானால் ஊருக்குப் பொதுவாக ஒரு சாண எரிவாயுக் கலம் கட்டி அடுப்புக்கு வாயு கொடுக்கலாம், இல்லையா? கொடுத்தார்கள். ஓடவில்லை. கிடைத்த சாணத்தில் எல்லா வீட்டுக்கும் முழுச் சமையலுக்குப் போதுமான வாயு வரவில்லை. எப்படியும் விறகு பொறுக்கப் போகத்தான் வேண்டும் என்றால் எதற்காகச் சாணம் சுமக்க வேண்டும் என்று பெண்கள் விட்டுவிட்டார்கள். அப்புறம் ஊராரோடு உட்கார்ந்து பேசியபோதுதான், அவர்களுக்கு முதலில் வேண்டியது குடிதண்ணீர் என்று தெரிந்தது. 1987இல் ஏற்பாடு மாறியது. அதே வாயுவோடு கொஞ்சம் டீசல் சேர்த்து ஒரு எஞ்சினை ஓட்டி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தார்கள், வீடுகளுக்கு விளக்குக்கு மின்சாரம் கொடுத்தார்கள். சாணம் கொண்டுவருகிறவர் கையில் எடைக்கு ஏற்பச் சில்லறை. கொண்டுவந்தவர்கள் பெண்களும் சிறுவர்களும். வாயு எடுத்தபின் மிஞ்சும் கசடு உரமாக அவரவர் வயலுக்கே திரும்பியது. கலத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் உள்ளூர் இளைஞர்கள். பல ஆண்டுகள் ஓடி, பிறகு அதுவும் நின்றது. என்றைக்கும் நிற்காதது மட்டும்தான் வெற்றி என்று வைத்தால் நம் நாட்டில் எந்தத் திட்டமும் தேறாது.

துணைவேந்தர் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். அஸ்த்ராவில் ஒரு சமூகவியலாளரைச் சேர்த்து, சாணம் கொண்டுவரும்படி பெண்களுக்கு எடுத்துச்சொல்வதுதான் உங்கள் வேலை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல வருடங்கள் எடுத்துச்சொல்லியிருப்பார். தண்ணீர்ப் பேச்சே வந்திருக்காது. அளந்தபோது சமையல் என்று தெரிந்தது, கேட்டபோது தண்ணீர் என்று தெரிந்தது. இரண்டும் உண்மை. எதைச் செய்வது என்று முடிவாவதற்கு முன்பே அறைக்குள் இருக்க வேண்டியவர் அந்தச் சமூகவியலாளர். முடிவான பிறகு ஆதரவு திரட்டிக் கொடுப்பதற்கு விளம்பர நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் பதவி ஏற்குமுன் துணைவேந்தரிடம் எழுத்தில் வாங்கவேண்டியது இதைத்தான்.

கிராமத்தில் கற்றதை ரெட்டி மாநில அளவுக்கும் கொண்டுபோனார். எண்பதுகளின் இறுதியில் கர்நாடக அரசுக் குழு ஒன்று 2000ஆம் ஆண்டுவரைக்குமான மின் திட்டத்தைப் போட்டது. எவ்வளவு மின்சாரம் தேவை என்று தொடங்காமல், விளக்கு, வெந்நீர், பாசனம் என எதற்குத் தேவை என்று தொடங்கி ரெட்டி குழுவினர் ஒரு மாற்றுத் திட்டம் போட்டார்கள். குண்டு பல்புகளை மாற்றுவது, வெந்நீருக்குச் சூரிய வெப்பம், எல்லா வீட்டுக்கும் இணைப்பு என்று சேர்த்துப் பார்த்தால், அரசுக் குழு கேட்டதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. மின்வாரியத்தார் அதை ரசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

உங்களுக்கு அப்படி ஒரு கேள்வி வாசலிலேயே இருக்கிறது. விவசாய பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம். மீட்டர் இல்லாத இணைப்பில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று பொறியாளர் கேட்பார். யாருடைய ஆழ்துளைக் கிணறு ஆழமானது, பக்கத்தில் யாருடைய கிணறு வற்றியது, மோட்டாரே இல்லாதவருக்கு இந்த இலவசம் என்ன தருகிறது என்றும் யாராவது கேட்க வேண்டும். இரண்டு தரப்பும் ஒரே ஊரில் ஒரே வருடம் வேலை செய்தால் நல்ல தொடக்கம்.

நிதி விஷயம். 2007இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைத் தலைமையாகக் கொண்ட உயிரி எரிபொருள் ஆய்வு ஒன்றுக்கு பிபி எண்ணெய் நிறுவனம் பத்து ஆண்டுகளில் 50 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. பல்கலைக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கம்பெனிப் பணமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் மூன்று வருடங்களுக்கு வேண்டாம். சோலார் பூங்காவுக்கு நிலம் போனவர்களைப் பற்றி உங்கள் மாணவி எழுதும் ஆய்வேடு, பணம் தந்தவர் மேசைக்கு முதலில் போகும் நிலை வரக்கூடாது.

பெர்க்லியிடமிருந்தே எடுத்துக்கொள்ள நல்ல விஷயமும் உண்டு. அங்கே 1973இல் தொடங்கிய எரிசக்தி, வளங்கள் குழுவை ஜான் ஹோல்ட்ரன் 1996வரை உடனிருந்து வழிநடத்தினார். பிளாஸ்மா இயற்பியல் படித்தவர், பின்னாளில் ஒபாமாவின் அறிவியல் ஆலோசகர். அந்தக் குழு தானே பட்டம் தருகிறது. மாணவர் தாய்த்துறையின் தயவில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் மையத்துக்கும் சொந்தமாக முனைவர் பட்ட இடங்களைக் கேளுங்கள். அதில்லாமல், ஒரு வருடம் கிராமத்தில் இருந்துவிட்டு வரும் இளைஞரைத் துறைக் குழு “கட்டுரை எங்கே?” என்று கேட்டே விரட்டிவிடும். அந்தக் கேள்வியை அவருக்காக வாங்கிக்கொள்வதுதான் இயக்குநர் வேலையில் பாதி. உங்களுக்குப் பெயர் இருக்கிறது, பதவி உயர்வுக் கவலை இல்லை. அதைச் செலவழியுங்கள்.

ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ரெட்டி மின்வேதியியல் ஆய்வுக்குத் திரும்பவில்லை. இரண்டையும் முழுசாக நடத்த முடியாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆய்வகத்தின் அன்றாட நிர்வாகத்தை இளைய சக பேராசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரே ஒரு முனைவர் பட்ட மாணவரை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆய்வு அந்த பம்புசெட் மீட்டர்களைப் பற்றியதாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்