உங்கள் மகளின் ஜாதகம் மட்டும் ஏன் அங்கே இல்லை?

கேள்வி: மதுரை சிம்மக்கல் பகுதியில் என் தந்தை காலத்திலிருந்து திருமணத் தகவல் மையம் நடத்தி வருகிறோம். பல ஆண்டுகளுக்கு முன்பே அதற்கென்று ஓர் இணையதளமும் தொடங்கினேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் குடும்பங்கள் அதில் பதிவு செய்கின்றன. தளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வருவதாகச் சிலர் தொலைபேசியில் கேட்கிறார்கள். அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் மகன், தளத்துக்குப் போய்வரும் விவரங்களை மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் (https) முறைக்கு மாற்றியே ஆக வேண்டும் என்கிறான். தளத்தை வடிவமைத்தவரோ அதற்குத் தேவையான மின்னணுச் சான்றிதழுக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார். தளத்தில் பணப் பரிமாற்றம் எதுவும் கிடையாது; கட்டணத்தை நேரில்தான் வாங்குகிறோம். இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. மாற்றினால் கூகுள் தேடலில் இருக்கும் இடம் போய்விடுமோ என்ற பயமும் உண்டு. என் மகளுக்கும் இப்போது வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் (அவள் ஜாதகத்தைத் தெரிந்தவர்கள் கையில் மட்டுமே கொடுத்திருக்கிறேன், தளத்தில் ஏற்றவில்லை) வீண் செலவைத் தவிர்க்க நினைக்கிறேன். மாற்றுவது உண்மையிலேயே அவசியமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: ஜவுளிக் கடைக்காரர், டியூஷன் நடத்துகிறவர், விடுதி வைத்திருப்பவர் என்று இந்தக் கேள்வியோடு எனக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் 'எங்களிடம் பணப் பரிமாற்றம் இல்லை' என்ற ஒரே வாக்கியத்தைத்தான் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் ஆதியிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. நீங்கள் அந்தச் சிரமத்தை எனக்கு வைக்கவில்லை. போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் எழுதிய ஒரு வரியில் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஊரில் உள்ளவர்களின் மகள்களுக்கெல்லாம் வரன் தேடிக் கொடுக்கும் தளத்தை வைத்திருக்கும் நீங்கள், சொந்த மகளுக்கு வரன் தேடும்போது மட்டும் அந்தத் தளத்தை நம்பவில்லை. தெரிந்தவர்கள் கையில் மட்டும் ஜாதகத்தைக் கொடுத்தது ஒரு தகப்பன் செய்ய வேண்டிய காரியம்தான். அதில் நான் குறை காணவில்லை. ஆனால் உங்கள் பெண்ணுக்கு ஆகாத இடம் என்று உங்கள் மனமே சொன்ன ஓர் இடத்தில், மேலூர்க்காரர் பெண்ணின் ஜாதகத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றுகிறீர்களே, அது எந்த நியாயத்தில் சேரும்? 'இது அவசியமா' என்று என்னிடம் கேட்பதற்கு முன்பே உங்களுக்கு விடை தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஒரு நியாயமும் ஊரார் வீட்டுக்கு ஒரு நியாயமும் வைத்துக்கொள்ள என்னிடம் ஒப்புதல் கேட்கிறீர்கள். அதை நான் தர மாட்டேன்.

உங்கள் தளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு தந்தை மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், கடவுச்சொல் இல்லாத ஏதோ ஒரு வைஃபையில் உங்கள் படிவத்தை நிரப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் பெயர், பிறந்த தேதி, பிறந்த நேரம், மகம் 2-ஆம் பாதம், செவ்வாய் தோஷம் உண்டு, மாதச் சம்பளம், வேலை பார்க்கும் இடம், தந்தையின் அலைபேசி எண், கடைசியில் அவர் வைத்துக்கொண்ட கடவுச்சொல் ஆகிய அனைத்தும் அவர் தட்டச்சு செய்தபடியே எவ்வித மறைப்பும் இல்லாமல் போகின்றன. அதே வைஃபை எட்டும் தூரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர், வயர்ஷார்க் போன்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்திருந்தால் அத்தனையையும் வாசித்துவிடலாம். 2010-இல் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள் வெளிவந்தபோது, பொது வைஃபையில் அடுத்தவருடைய ஃபேஸ்புக் கணக்குக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பது உலகத்துக்கே வெட்டவெளிச்சமாயிற்று. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ஃபேஸ்புக் தன் தளம் முழுவதையும் எச்டிடிபிஎஸ் வழியாகப் பார்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. எச்டிடிபிஎஸ் முறையில் பக்கங்களைத் திறக்கும் உலாவியும், உங்கள் தளம் இருக்கும் கணினியான சர்வரும் முதலில் தங்களுக்குள் மட்டும் ஒரு ரகசியத் திறவுகோலை உருவாக்கிக்கொண்டு, அதன் பிறகே பேசத் தொடங்குகின்றன. நடுவில் இருப்பவருக்கு அந்தத் தந்தை எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது தெரியலாமே தவிர, என்ன எழுதினார் என்பது தெரியாது.

படிப்பதோடு நின்றாலும் பரவாயில்லை, நடுவில் இருப்பவர் பக்கத்தையே மாற்றவும் முடியும். 2015-இல் பெங்களூரைச் சேர்ந்த ஒரு மென்பொருளாளர், தன் தளத்தில் தான் எழுதாத ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்று ஓடுவதைக் கண்டு ஆராய்ந்தபோது, அலைபேசி இணைய இணைப்பு தந்த நிறுவனத்தின் வழியிலேயே அது செருகப்பட்டிருந்தது தெரியவந்தது. வெறும் வாசிப்புக்கான தளம் வைத்திருப்பவர்களுக்கும் எச்டிடிபிஎஸ் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் தளமோ வாசிப்புக்கானதும் அல்ல.

புகார் எதுவும் வந்ததில்லை என்கிறீர்கள். ஒட்டுக் கேட்டவன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக மாட்டான். முன்பின் தெரியாத ஒருவர் அழைத்து, 'உங்கள் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷமாமே' என்று தொடங்கினால், தன் எண் எங்கிருந்து போயிற்று என்று அந்தத் தந்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? புகார் செய்தவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்; எச்சரிக்கை வருகிறதே என்று தொலைபேசியில் கேட்டவர்கள் அவர்கள்தான். கடவுச்சொல் கேட்கும் பக்கங்களில் குரோம் உலாவி அந்த எச்சரிக்கையைக் காட்டத் தொடங்கியது 2017 ஜனவரியில். 2018 ஜூலையிலிருந்து எச்டிடிபிஎஸ் இல்லாத எல்லாத் தளங்களிலும் காட்டுகிறது. இத்தனை காலமாக, பெண்ணைப் பெற்றவர்கள் நியாயமாகப் பயந்து கேட்டபோதெல்லாம் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இது.

இனிச் செலவு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற சேவை 2015 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்கி வருகிறது. அதன் வழக்கமான சான்றிதழ் 90 நாள் செல்லும். புதுப்பித்தலைத் தானாக நடக்கும்படி அமைத்துவிடலாம். தளத்துக்கு இடம் தரும் நிறுவனங்கள் பலவும் இந்த வசதியைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே வைத்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழால் மறைகுறியாக்கம் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) கூடுதல் வலிமை பெற்றுவிடுவதும் இல்லை. ஆகவே வடிவமைப்பாளர் தன் உழைப்புக்கு ஒருமுறை கூலி கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். சான்றிதழின் விலை என்று ஆண்டுதோறும் ஆறாயிரம் கேட்டால் யாரிடம் வாங்குகிறார் என்று ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஒருவேளை அந்த ஆறாயிரமும் தேவைப்பட்டிருந்தால்கூட என் பதில் மாறாது. மண்டப வாசலில் கட்டப்போகும் சீரியல் விளக்குக்கு அதைவிட அதிகம் கொடுக்கத்தான் போகிறீர்கள். மகள் கல்யாணத்தைக் காரணம் காட்டி மற்றவர் மகள்களின் காவலில் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

கூகுள் பயத்தை விடுங்கள். எச்டிடிபிஎஸ் இருப்பதைத் தர வரிசையில் ஒரு சிறு சாதகமாகக் கணக்கில் எடுப்பதாக அந்த நிறுவனமே 2014 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. பழைய முகவரிகள் ஒவ்வொன்றும் 301 என்ற நிரந்தரத் திருப்புதல் மூலம் புதிய முகவரிக்குப் போகும்படி அமைக்கச் சொல்லுங்கள். சில நாள் ஏற்ற இறக்கம் இருந்தாலும் நிலைபெற்றுவிடும். பக்கங்களுக்குள் இருக்கும் படங்களின் இணைப்புகளையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய முறையிலேயே விட்டால் உலாவி அவற்றைத் தடுக்கலாம், அல்லது எச்சரிக்கை தொடரலாம். மாற்றம் முடியும்வரை பதிவுப் படிவத்தை எடுத்துவிட்டு, வருகிறவர்களை நேரில் வரச் சொல்லுங்கள். முடிந்த பிறகு, ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் எல்லோரையும் அழைத்து, ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்லிக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள்; அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பவர்கள் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள்.

இதோடு கடமை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. எச்டிடிபிஎஸ் காப்பது வழியில் போகும் செய்தியை மட்டுமே. சர்வரில் சேர்த்து வைத்திருக்கும் ஜாதகங்களை அது காக்காது. எச்டிடிபிஎஸ் தளம் என்று காட்ட முகவரிக்கு அருகே உலாவி வைத்திருந்த பூட்டுச் சின்னத்தோடு மோசடித் தளங்களும் வருவதால்தான் குரோம் 2023-இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தரவை வைத்திருப்பவர் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்றும், தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றும் சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு அது தேவைப்படவும் கூடாது.

உங்கள் பதிவேட்டில், எப்போதோ திருமணமாகிப் போன பெண்களின் புகைப்படங்களும் விவரங்களும் எத்தனை இன்னும் கிடக்கின்றன என்று இந்த வாரமே பார்த்து அழித்துவிடுங்கள். வரன் தேடும் பெண்கள் பட்டியலில் அவள் படம் இருப்பதைப் புகுந்த வீட்டார் ஒருநாள் கண்டால், அங்கே நின்று பதில் சொல்ல வேண்டியவள் அவள்; நீங்கள் அல்ல.