கைப்பட்டிக்குத் தெரியாத பிரஷர்: கேள்வி பதில்

குழந்தைகளின் நுரையீரல் நாடி (இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்) அழுத்தம் பற்றித் திருகோணமலைப் பக்கத்துப் பெற்றோர் கேட்ட கேள்விகளும் சிறுவர் இதய வைத்தியர் ஒருவரின் பதில்களும்.

டொக்டர், மூன்று வயது மகனுக்கு நுரையீரலில் பிரஷர் என்கிறார்கள். கையில் அளந்தால் சரியாக இருக்கிறது. எது பிழை? (உப்புவெளி, ஒரு தகப்பன்)

இரண்டும் சரி. கைப்பட்டி அளப்பது இதயத்தின் இடப்பக்கம் உடம்புக்குத் தள்ளும் இரத்தத்தின் அழுத்தம். வலப்பக்கம் நுரையீரலுக்குத் தள்ளுவது வேறு ஓட்டம், அது கைப்பட்டிக்குத் தெரியாது. மூன்று மாதம் தாண்டிய பிள்ளைக்கு, குழாய் விட்டு அளக்கும்போது நுரையீரல் நாடியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. இரசத்துக்கு மேல் போனால் கூடுதல் என்கிறோம். 2018 வரை இந்த எல்லை 25 ஆக இருந்தது. பழைய கட்டுரைகளில் 25 என்று கண்டால் குழம்ப வேண்டாம்.

தாத்தாவின் பிரஷர் குளிசையில் பாதி கொடுத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. உடம்பின் அழுத்தம் விழுந்தால், ஏற்கெனவே திணறும் வலது இதயவறைக்குப் போகிற இரத்தமும் குறைந்துவிடும். இன்னொன்று, ‘நுரையீரல் பிரஷர்’ என்பது நோயின் பெயரல்ல. இதயத்தில் ஓட்டையா, குறைமாதப் பிறப்பா, நாளங்கள் ஒடுங்கியதா, இரவில் மூச்சு அடைபடுகிறதா, நாடிகளிலேயே கோளாறா? கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டியது ‘எவ்வளவு’ அல்ல, ‘ஏன்’.

எக்கோ (இதய ஸ்கேன்) துண்டில் ‘டி.ஆர். 3.8’ என்று இருக்கிறது. அது என்ன கணக்கு? (கிண்ணியா, ஒரு தாய்)

வலது இதயவறைக்கும் அதற்கு மேலுள்ள வலது சோணை என்ற அறைக்கும் இடையிலுள்ள வால்வினால் இரத்தம் கொஞ்சம் பின்னால் கசிகிற வேகம், செக்கனுக்கு 3.8 மீற்றர். அதை அதனாலேயே பெருக்கி, நாலால் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 58. சோணையின் அழுத்தம் என்று 5 சேர்த்தால் 63. அதே நேரம் பிள்ளையின் கையில் மேல் அளவு 95 என்றால், நுரையீரல் பக்கம் உடம்பின் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தத்தில் ஓடுகிறது. அது கவலைப்பட வேண்டிய அளவு.

ஆனால் இது மதிப்பீடுதான். பிள்ளை வீறிட்டு அழும்போது எடுத்தால் கூடக் காட்டும். நுரையீரல் வால்வு ஒடுங்கியிருந்தால் அந்த எண் நுரையீரலைச் சொல்லாது. கசிவே தெரியாவிட்டால் பிரஷர் இல்லை என்றும் அர்த்தமில்லை. அப்போது இரண்டு இதயவறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்ப்போம்.

பேரப்பிள்ளைக்கு நாலு மாதம். இதயத்தில் பெரிய ஓட்டை. முந்தி பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து ஊற்றும், மூச்சு வாங்கும். இப்போது குறைந்திருக்கிறது. ஓட்டை மூடுகிறதா? ஒப்பரேஷனைத் தள்ளிப்போடலாமா? (மூதூர், ஒரு அம்மம்மா)

அம்மா, இந்தக் கேள்விக்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும்.

பிறந்தவுடன் நுரையீரல் நாடிகள் இறுக்கமாகத்தான் இருக்கும். அதனால் பெரிய ஓட்டை இருந்தும் முதல் வாரங்களில் பிள்ளை சுகமாகத் தெரியும். நாடிகள் தளரத் தளர, ஓட்டையினால் இரத்தம் நுரையீரலுக்குள் கொட்டத் தொடங்கும். ஒன்று, இரண்டு மாதத்தில் வியர்வையும் களைப்பும் வருவது அதனால். பிறகு களைப்புக் குறைந்தால் காரணம் மூன்று. ஓட்டை சிறுத்திருக்கலாம். மருந்து வேலை செய்திருக்கலாம். அல்லது கொட்டிய இரத்தத்தைத் தாங்காமல் நாடிகளின் சுவர் தடித்து, வழி ஒடுங்கியிருக்கலாம். மூன்றாவதில் பிள்ளை கொழுக்கும், சிரிக்கும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே கதவு சாத்துப்பட்டுக்கொண்டிருக்கும். முற்றிலும் சாத்துப்பட்டால் இரத்தம் மறுபக்கம் ஓடி உதடு நீலிக்கும். 1897இல் ஐசன்மெங்கர் விவரித்த நிலை அது. அதற்குப் பிறகு ஓட்டையை அடைத்தால் பிள்ளைக்கு ஆபத்து.

எந்தக் காரணம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எக்கோ வேண்டும். பெரிய ஓட்டையைப் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், பிந்தினால் ஒரு வயதுக்குள் அடைப்பார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இதயத்தின் நடுவில் பெரிய ஓட்டை என்றால் மூன்று முதல் ஆறு மாதம்தான் நல்ல காலம், அவர்களின் நாடிகள் வேகமாகத் தடிக்கும். கொழும்பு றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் திகதி தந்திருந்தால், ‘கொஞ்சம் வளரட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். தடிமன், காய்ச்சலால் திகதி தவறினால் அன்றே புதுத் திகதி கேளுங்கள்.

சில்டெனாபில் பாணி தந்தார்கள். பார்மசியில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எப்படிக் கொடுப்பது? (தம்பலகாமம், ஒரு தாய்)

பார்க்கட்டும். ஆண்களுக்கு விற்கும் அதே மருந்துதான், இங்கே வேலை நுரையீரல் நாடியைத் தளர்த்துவது.

தங்கச்சி, பிழை அதிகம் நடப்பது போத்தலில். ஒரு கடையில் கரைத்த பாணி மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருக்கும், இன்னொரு இடத்தில் 2.5. ஐந்து கிலோப் பிள்ளைக்கு வைத்தியர் 5 மில்லிகிராம் எழுதியிருந்தால், முதல் போத்தலில் அரை மில்லிலீற்றர், இரண்டாவதில் 2 மில்லிலீற்றர். இரண்டாவது போத்தலின் பழக்கத்தில் முதல் போத்தலிலிருந்து 2 மில்லிலீற்றர் எடுத்தால் நாலு மடங்கு போய்விடும். ஆகவே கிளினிக் கொப்பியில் மில்லிகிராமையும் போத்தலின் செறிவையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். தேக்கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து எடுங்கள். எடுக்குமுன் போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும். அடியில் மருந்து தங்கினால் முதல் வாரம் வெறும் தண்ணீரும் கடைசி வாரம் அளவுக்கு மிஞ்சிய மருந்தும்தான் போகும்.

எட்டு மணிக்கொரு தடவை: காலை 6, பிற்பகல் 2, இரவு 10. ஒரு நேரம் தவறினால் அடுத்ததில் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். சட்டென்று நிறுத்தவும் கூடாது, பிரஷர் திரும்ப ஏறும். போத்தலில் ஐந்து நாள் மிச்சமிருக்கும்போதே அடுத்ததை எடுங்கள். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் போன்ற மருந்துகள் இதன் அளவை இரத்தத்தில் கூட்டும். மூக்கடைப்புக்குச் சூடோஎபெட்ரின் கலந்த பாணியும் வேண்டாம். எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் இந்த மருந்தைச் சொல்லுங்கள்.

கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஓடும்போது ஏழு வயது மகன் சுருண்டு விழுந்தான். வலிப்பு என்று மருந்து கொடுக்கிறோம். (நிலாவெளி)

ஓட்டத்தில், ஏற்றத்தில், உரத்த அழுகையில் விழுகிற பிள்ளைக்கு வலிப்பென்று முடிவுகட்டுமுன் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். மயக்கத்திலும் கைகால் நாலைந்து தரம் துடிக்கலாம், அதைப் பார்த்து ஏமாறுவதுண்டு. விழுமுன் முகம் சாம்பல் நிறமாவது, எழுந்த உடனே தெளிவாகக் கதைப்பது, இவை இதயப் பக்கம் கைகாட்டும். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் பரிசோதனை முடியும்வரை ஓட்டப் போட்டி வேண்டாம். மறுபடி விழுந்தால் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

குறைமாதப் பிள்ளை, வீட்டில் ஒட்சிசன். ஒட்சிசன் அளவு பார்க்கும் விரல் மெஷின் ஒருநேரம் 94, ஒருநேரம் 81. எதை நம்புவது? (சம்பூர்)

மெஷின் திரையில் நாடித்துடிப்பின் அலை ஒழுங்காக ஓடும்போது காட்டுவதை. கால் குளிர்ந்திருந்தாலும், பிள்ளை உதைத்தாலும், நகத்தில் மருதாணி இருந்தாலும் எண் பொய் சொல்லும். காலைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பாருங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 92க்கு மேல் வைத்திருப்பதே பொதுவான இலக்கு. உண்மையாகவே கீழே நின்றால் வார்ட்டுக்கு வாருங்கள். பால் குடிக்கும்போதும் நித்திரையிலும் அளந்து எழுதுங்கள், இறக்கம் அப்போதுதான் தெரியும்.

ஒட்சிசன் ஓடும் அறையில் விளக்கு, நுளம்புச்சுருள், அடுப்பு எதுவும் வேண்டாம்.

குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டலாமா?

வேண்டாம். தலையைத் துவாயால் துடைத்தால் போதும்.

நுவரெலியாவுக்குச் சுற்றுலா?

ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவு, நாடிகள் இறுகும். கிளினிக்கில் கேட்காமல் போகாதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் வாளிவாளியாக ஊற்றாதீர்கள். மருந்தோடு சூடும் சேர்ந்தால் உடம்புப் பிரஷர் விழும்.

சொத்தைப் பல் பிடுங்க வேண்டும், மயக்கிச் செய்வார்களாம்.

பல் வைத்தியருக்கு முன்னால் இதயக் கிளினிக்குக்குக் கொப்பியோடு போங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் நேரம் நாடிகள் திடீரென இறுகி இதயம் நின்றுபோகலாம். அதற்கு ஆயத்தமான மயக்க மருந்து வைத்தியரும் தீவிர சிகிச்சைக் கட்டிலும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். அன்று காலை மருந்து கொடுப்பதா, எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்பதை எழுத்தில் கேளுங்கள். பயத்தில் முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி போடாதீர்கள், நீர் வற்றினால் வேறு சிக்கல்.